மார்கரீதாவின் கண்கள் இருந்த இடம்

மே 27, திங்கள்

வல்மராவுக்கு வந்து சேர்ந்தாயிற்று. பார்சலோனாவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம், அதன்பின் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் பேருந்து. முந்நூறு பேர்கூட இல்லாத ஊர். கோயில் கருங்கல் கட்டடம். பீடத்துக்குப் பின்னால் உள்ள திருவுடை அறையைப் பட்டறையாக ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஐந்நூற்றைம்பது வருடப் பழைய பலகை ஓவியம் ஒன்றைத் துப்புரவு செய்து, ஜூலை 20 திருநாளுக்குள் பீடத்தில் மாட்டக் கொடுக்க வேண்டும். புனித மார்கரீதா. அரக்கப்பாம்பு அவளை விழுங்கிவிட, கையிலிருந்த சிலுவையால் அதன் உடம்பைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறாள். முழுவதும் வந்துவிட்டாள். சிவப்பு அங்கியின் விளிம்பு மட்டும் இன்னும் பாம்பின் வாயில் இருக்கிறது. பின்னணி முழுக்கப் பொன்தாள்.

வயிற்றைப் பிளந்து உயிரோடு வெளியே வந்தவள் என்பதால் பிரசவத்துக்குப் பாதுகாவலி. ஒப்பந்தத்தில் ‘பெண் புனிதை, பதினைந்தாம் நூற்றாண்டு’ என்று மட்டும்தான் இருந்தது. தெரிந்திருந்தாலும் வந்திருப்பேன். வேலை வேலைதானே.

மே 28, செவ்வாய்

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் பெயர் ரெமெய். அறுபது வயதிருக்கும். எங்கள் தூத்துக்குடியில் என்றால் கோயில்பிள்ளை என்போம். மணி அடிப்பது, பூ வைப்பது, மெழுகு சுரண்டுவது எல்லாம் அவர்தான். ஸ்பானிய மொழியில் பேசிக்கொள்கிறோம். பட்டறைக்கு இரண்டு சாவி: ஒன்று என்னிடம், ஒன்று அவரிடம்.

"முன்னெல்லாம் இந்த ஊர்ல யாருக்காவது வலி எடுத்தா, இந்தப் பலகையைத் தூக்கிட்டுப் போய் கட்டில் பக்கத்துல நிறுத்துவாங்களாம். என் அம்மா பிறந்தப்பகூட" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்குப் பிள்ளைங்க உண்டா, மகளே?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே மல்லிகைக்கொடி சுவர் முழுக்கப் படர்ந்து பூத்திருக்கிறது. ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். மகரந்தத் தூள் ஓவியத்தில் ஒட்டும் என்று காரணம் சொன்னேன்.

ஜூன் 3, திங்கள்

முகம் மட்டும் பொருந்தவே இல்லை. உடையின் மடிப்பும் கைவிரல்களும் பழைய கை வரைந்தவை. முகம் கடையில் விற்கும் மாதா சுரூபத்தின் முகம்போல மொழுமொழுவென்று இருக்கிறது. பிற்காலத்தில் யாரோ மேலே பூசியது. எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி மறைமாவட்ட அருங்காட்சியகத்துக்கு எழுதினேன்.

ஊரிலிருந்து கணவர் கஸ்பார் இரண்டு முறை அழைத்தார். கை முழுக்கத் துப்புரவு ஜெல். எடுக்க முடியவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

எக்ஸ்ரே படம் வந்துவிட்டது. மேல்பூச்சுக்கு அடியில் முகம் கீறப்பட்டிருக்கிறது. மேலிருந்து கீழாக, இரட்டை இரட்டைக் கோடுகளாக. கண்கள் இரண்டும் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன.

பங்குச் சாமியார் மொசேன் பெர்த்ரான் வந்து பார்த்தார். இங்கே சாமியாரை மொசேன் என்றுதான் அழைக்கிறார்கள். அவர் ஆச்சரியப்படவில்லை.

"ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். உள்நாட்டுப் போர் நடந்தப்ப, முப்பத்தாறுல, கோயிலை உடைக்க வந்தவங்க பண்ணினது. கொல்லன் ஒருத்தன், பேரு இசிட்ரெ. ஐம்பத்திரண்டுல ஓவியர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து புது முகம் வரைஞ்சாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெமெய் முன்னாடி அந்தப் பேரை எடுக்க வேண்டாம். அவங்க தாத்தா" என்றார்.

ரெமெய் கதவுக்கு வெளியே மெழுகுவர்த்தித் தாங்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிச்சயம் காதில் விழுந்திருக்கும்.

மேல்பூச்சை எடுத்துவிடுவது என்று அருங்காட்சியகம் முடிவு செய்தது. உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகு, நிரப்புவதா வேண்டாமா என்று யோசிப்பார்களாம்.

ஜூன் 14, வெள்ளி

நெற்றியிலிருந்து தொடங்கினேன். பஞ்சுக்குச்சியில் கரைப்பானை நனைத்து, வட்டமாக உருட்டி, எடுத்து, அடுத்த குச்சி. ஒரு நாளைக்குத் தீப்பெட்டி அளவு.

ரெமெய் காபி கொண்டுவந்து வைத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"முப்பத்தொன்பதுல, போர் முடிஞ்சதும், ஜெயிச்சவங்க என் தாத்தாவைப் பிடிச்சிட்டுப் போனாங்க. தொழிற்சங்கத்துல இருந்தார்ங்கிறதுதான் குற்றம். அந்தக் குளிர்காலத்துலயே ஜெயில்ல செத்துப்போனார். இந்த முகத்தைப் பத்தின பேச்சு அதுக்கப்புறம் வந்தது. சின்னப்பிள்ளையா இருந்தப்ப என்னோட யாரும் இந்தப் படத்துக்குக் கீழ உட்கார மாட்டாங்க. நாப்பது வருஷமா இந்தக் கோயிலைக் கூட்டுறேன். எதுக்குன்னு நினைக்கிறே?"

ஜூன் 18, செவ்வாய்

இடது கண் வந்தது. வந்தது என்று எழுதுவது தவறு. 1952இன் நீலக் கண் பஞ்சோடு வந்துவிட்டது. அதன் அடியில் கண் இருக்கும் என்று கை எதிர்பார்த்திருக்கிறது. குழிதான் இருந்தது. அடிப்பூச்சின் வெள்ளையும் அதற்கும் கீழே மரமும் தெரிகின்றன.

அதன் பிறகு நான் எங்கே நகர்ந்தாலும் பார்ப்பதுபோல இருந்தது. கண் உள்ள ஓவியங்களைப் பற்றித்தான் அப்படிச் சொல்வார்கள்.

ஜூன் 19, புதன்

இன்று மத்தியானம் ஒரு சத்தம். மரத்தை எதுவோ சுரண்டுவதுபோல. பலகைக்குப் பின்னால் விளக்கடித்துப் பார்த்தேன். புழு அரித்த துளைகள் பழையவை, தூள் இல்லை. எலிப் புழுக்கையும் இல்லை. பஞ்சுக்கு இளகாத பூச்சை எடுக்கும் கத்தியோடு வேலையைத் தொடர்ந்தால் மறுபடி கேட்டது. கத்தியைக் கீழே வைத்ததும் நின்றது.

ஜூன் 20, வியாழன்

சுண்டைக்காய் வற்றல் தீர்ந்துவிட்டது. துணி துவைத்தேன். சத்தம் இல்லை.

ஜூன் 24, திங்கள்

புனித யோவான் திருநாள், விடுமுறை. எதிர்வீட்டுக்கு மகள் வந்திருக்கிறாள் போல, கைக்குழந்தையோடு. காலையெல்லாம் அழுதது. ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டு அறிக்கை எழுதினேன்.

கஸ்பாரின் அழைப்பை எடுத்தேன். ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை.

"டெல்பி, சாப்ட்டியா?"

"ஆச்சு."

"கொத்தனாரு கேட்டுட்டே இருக்காரு. சிமெண்டுச் சிலுவை ரெடியா இருக்கு. பேரு எழுதாம நடக் கூடாதுங்காவ."

"எனக்கு வேலை இருக்கு."

"ஒரு பேருதான டெல்பி."

வைத்துவிட்டேன்.

ஜூன் 26, புதன்

வலது கண்ணும் போயிற்று. உதடுகள் மட்டும் தப்பியிருக்கின்றன. மெல்லிய, சிவந்த, லேசாகப் பிரிந்த உதடுகள். அப்போதுதான் மூச்சு விட்டவள்போல.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது கன்னத்துக் கீறல் ஒன்றின் முனையில் துரும்பளவு இரும்பு சிக்கியிருந்தது. இடுக்கியால் எடுத்தேன். கொண்டையில் குத்தும் இரட்டைக்கால் ஊசியின் உடைந்த நுனி. இரட்டைக் கோடுகள் ஏன் என்பது அப்போது புரிந்தது.

கோயிலை உடைக்க வந்த கொல்லன் கொண்டையூசியால் கீறுவானா?

ஜூன் 27, வியாழன்

பார்சலோனா ஆவணக்காப்பகம் ஒன்றுக்கு எழுதினேன். போர் முடிந்து கோயில்களுக்குத் திரும்பிய பொருட்களைப் படம் பிடித்து வைத்திருப்பார்கள்.

ஜூன் 28, வெள்ளி

மூன்று மணிக்கு கஸ்பாரிடமிருந்து ஒரு படம் வந்தது. மணல்மேடும், அதன்மேல் ஒரு தகரத்துண்டில் எண்ணும். கீழே ‘நாலு மாசமா இப்படியே கெடக்கு’ என்று எழுதியிருந்தார். ஜனவரியிலிருந்து என்றால் ஐந்து மாதம். அவருக்குக் கணக்கு வராது.

அறைக்குள் புழுக்கம். ஜன்னலைத் திறந்தேன் போலிருக்கிறது. வேலை ஓடவில்லை. ஆறு மணிக்குப் பூட்டினேன்.

ஜூலை 1, திங்கள்

காலையில் பலகையின் உறையை எடுத்தவுடன் பார்த்தேன். இடது கன்னத்தில், உதட்டின் ஓரம்வரை, புதிய கீறல். இரண்டு அங்குலம். விளிம்பு கூர்மையாக, உள்ளே பளீரென்ற வெள்ளை. பழைய கீறல்களில் அழுக்கு ஏறியிருக்கும். இதில் இல்லை. வெள்ளி காலை எடுத்த படத்தில் இது இல்லை.

பூட்டு உடைபடவில்லை. மொசேனுக்குச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பலகையைப் பார்த்தார்.

"உங்களைத் தவிர யார்கிட்ட சாவி இருக்கு?" என்று கேட்டார். பதில் அவருக்கே தெரியும்.

ஜூலை 2, செவ்வாய்

ரெமெய் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மொசேன் கேட்டு வாங்கவில்லையாம். "கொஞ்ச நாள் ஓய்வெடுங்களேன்" என்று மட்டும் சொன்னாராம். ரொட்டிக் கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. "ரத்தம் விடுமா" என்ற கடைசி வார்த்தைகள் மட்டும் காதில் விழுந்தன.

"நீயும் அப்படித்தான் நினைக்கிறியா மகளே?" என்று ரெமெய் வாசலில் நின்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.

ஜூலை 3, புதன்

சத்தம் காலையிலிருந்தே. நான் கத்தியைத் தொடாதபோதும்.

ஜூலை 4, வியாழன்

கருவிகளைத் துடைத்து அடுக்கினேன். மூன்றாம் எண் கத்தியின் நுனியில் வெள்ளைப் பொடி. கொஞ்சம் ரோஜா நிறம். கன்னத்தின் நிறம்.

வெள்ளிக்கிழமை கத்தியைத் தொடவில்லை என்று எழுதியிருந்தேன் என நினைத்து முந்தைய பக்கங்களைத் திருப்பினேன். அப்படி எழுதவில்லை. மூன்று மணிக்குப் படம் வந்தது என்று எழுதியிருக்கிறேன். ஆறு மணிக்குப் பூட்டினேன் என்று எழுதியிருக்கிறேன். நடுவில் ஒன்றுமே இல்லை.

பழைய தூளாக இருக்கலாம். முன்பே சரியாகத் துடைக்காமல் விட்டிருக்கலாம்.

ஜூலை 5, வெள்ளி

நான் கத்தியைத் துடைக்காமல் விடுபவள் அல்ல.

ஜூலை 8, திங்கள்

ஆவணக்காப்பகத்திலிருந்து படம் வந்தது. கறுப்பு வெள்ளை. பின்பக்கம் எழுத்தும் முத்திரையும்: வல்மரா, 1941 மார்ச். போர்க்காலத்தில் வைக்கோற்போரில் ஒளித்துவைத்த பலகை கோயிலுக்குத் திரும்பிய நாள். சாமியாரும் நாலைந்து பேரும் இரு பக்கமும் நிற்கிறார்கள்.

மார்கரீதாவின் முகம் முழுசாக இருக்கிறது. பாதாம்பருப்புபோல நீண்ட கண்கள், கீழே பார்க்கும் பார்வை. கீறல் ஒன்றுகூட இல்லை.

இசிட்ரெ செத்து அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அப்படியானால் 1941க்குப் பிறகு, வலி எடுத்த ஏதோ ஒரு வீட்டுக்கு இந்தப் பலகையைத் தூக்கிப்போயிருக்கிறார்கள். கட்டில் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். பிறகு அந்த வீட்டில் யாரோ ஒருத்தி தன் கொண்டையிலிருந்து ஊசியை உருவியிருக்கிறாள். படத்தில் நின்றவர்களுக்கெல்லாம் முகம் எப்போதுவரை முழுசாக இருந்தது என்று தெரிந்திருக்கும். செத்தவன் மறுத்துப் பேச மாட்டான் என்பதும் தெரிந்திருக்கும்.

அவள் ஏன் செய்தாள் என்று என் அறிக்கையில் எழுத முடியாது. ஆதாரம் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

ஜூலை 9, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

ஜனவரி 17. முப்பத்தெட்டு வாரம். காலையில் அசைவு இல்லை. பனிமய மாதாவுக்கு ஒன்பது நாள் நவநாள் முடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பதினான்கு மணி நேரம் வலி. வெளியே வந்தது, அழவில்லை. பெண் என்றார்கள். துணியில் சுற்றி என் பக்கம் கொண்டுவந்தார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். "ஒருக்கா பாத்துரு டெல்பி" என்று கஸ்பார் சொன்னார், அழுதுகொண்டே. நான் திரும்பவில்லை. அவரே தூக்கிப்போய் அடக்கம் பண்ணினார்.

மூன்றாம் நாள் பால் சுரந்தது. வற்ற வேண்டும் என்று மல்லிகைப்பூவை வாங்கி என் மாரில் வைத்துக் கட்டினார்கள். நான்கு நாள் அந்த வாசனையோடு கிடந்தேன்.

ஜூன் 28ஆம் தேதி ஜன்னலைத் திறந்தேன். வாசனை உள்ளே வந்தது. அவளுடைய பிரிந்த உதடுகள். எல்லாரையும் பிழைக்க வைக்கிறவள். பாம்பின் வயிற்றிலிருந்துகூட உயிரோடு வந்தவள். கத்தி என் கையில்தான் இருந்தது. சத்தம் கேட்டது. அது எங்கிருந்து வருகிறது என்று அப்போதும் தெரிந்தது, இப்போதும் தெரிகிறது.

பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ரெமெய் சாவியை வைத்துவிட்டுப் போய் ஏழு நாள் ஆகிறது.

ஜூலை 10, புதன்

பூசை முடிந்ததும் மொசேனிடம் போனேன். ரெமெய் இருக்கும்போதுதான் சொல்வேன் என்றேன். வந்தார், வாசலருகே நின்றார்.

"புதுக் கீறல் நான் போட்டது. என் கத்தியால. ரெமெய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

மொசேன் கைதவறி என்றுதான் புரிந்துகொண்டார். "வேலையில இதெல்லாம் சகஜம்..."

"கைதவறி இல்ல மொசேன். வேணும்னே."

ஏன் என்று அவர் கேட்டார். ரெமெய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தையல்ல, வயிற்றை.

"இழந்து எத்தனை மாசம் ஆச்சு?" என்று கேட்டார்.

"ஆறு."

"ஒன்பது நாளா ஊர் என் முதுகுக்குப் பின்னாடி பேசிச்சு" என்றார். கோபம் இருந்தது, இருக்கத்தான் வேண்டும். "முதல் நாளே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்."

பிறகு 1941 படத்தை அவர் கையில் கொடுத்தேன். பின்பக்கத்து எழுத்தை இரண்டு தடவை வாசித்தார். மறுபடி முன்பக்கம் திருப்பி, முகத்தின் மேல் விரலை வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மொசேன் தண்ணீர் எடுத்துவர ஓடினார்.

ஜூலை 12, வெள்ளி

அருங்காட்சியகத்துக்கு அறிக்கை அனுப்பினேன். சேதம் எண் 31: இடது கன்னம், 5 செ.மீ., ஜூன் 28, பழுதுபார்ப்பவரால், வேண்டுமென்றே. மத்தியானத்துக்குள் பதில் வந்தது. ஒப்பந்தம் ரத்து. இனி அவர்களுடைய வேலை எனக்குக் கிடையாது. திருநாளுக்குள் வேறு ஆள் கிடைக்காது, அதனால் முகத்தை நிரப்பாமல் அப்படியே மாட்டட்டும் என்று மொசேனுக்குத் தனியாக எழுதியிருக்கிறார்கள்.

பெட்டியைக் கட்டினேன். ரெமெய் வந்து கட்டில்மேல் உட்கார்ந்தார்.

"எங்க கிளம்புறே? இருபதாம் தேதி முடிஞ்சு போ. அந்தப் படத்தை மொசேன் எல்லார் முன்னாடியும் காட்டப்போறார். யாராவது கேள்வி கேட்டா எனக்குப் பதில் சொல்லத் தெரியாது."

ஜூலை 14, ஞாயிறு

கஸ்பாரை நானே அழைத்தேன். அங்கே சாயங்காலம். கடல் சத்தம் கேட்டது.

"பாப்பாக்கு நீங்க ஏதாச்சும் பேரு வச்சீங்களா?"

"மனசுக்குள்ள ஒண்ணு சொல்லிக் கூப்பிடுதேன். உன்கிட்ட கேக்காம வச்சுட்டேன்னு கோவப்படாத."

"சொல்லுங்க."

"நேவிஸ்."

பனிமய மாதாவின் பெயர். அந்தப் பெயரைக் கேட்டால் ஆத்திரம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"முகம் எப்படி இருந்துச்சு?"

"டெல்பி..."

"நான் பாக்கலல்லா. சொல்லுங்க."

சொன்னார். முடி கறுகறுவென்று நிறைய இருந்ததாம். மூக்கு என்னுடையது. தாடையில் ஒரு சின்னக் குழி, அது அவர் அம்மாவுடையது. கண் மூடியிருந்ததாம், இமைமுடி நீளமாக. "தூங்குத பிள்ள மாதிரிதான் இருந்தா. ஒண்ணும் பயப்படுத மாதிரி இல்ல." இதைச் சொல்ல ஆறு மாதமாக ஆள் இல்லாமல் இருந்திருக்கிறார். நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் குறுக்கே பேசவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

இன்று சத்தம் இல்லை. நேற்றும் இல்லை. இனி வராது என்று எழுத மாட்டேன்.

ஜூலை 20, சனி

கோயில் நிறைந்திருந்தது. பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். மார்கரீதா பீடத்தின் மேல், கண்கள் இருந்த இடத்தில் குழிகளோடு. முன்வரிசையில் ஒரு பெண் குழந்தையின் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

மொசேன் பிரசங்கத்தில் சுற்றி வளைக்கவில்லை. 1941 படத்தைப் பெரிதாக்கி ஒரு பலகையில் ஒட்டிவைத்திருந்தார். தேதியை வாசித்தார். இசிட்ரெ இறந்த தேதியை வாசித்தார். "நாம ஒரு மனுஷன் மேல பொய் சொல்லியிருக்கோம். எண்பது வருஷமா. நானும் சொன்னேன்" என்றார். கன்னத்துக் கீறல் ஒன்று புதியது, அது போட்டவருடைய பாரம், அவர் அதை ஒப்புக்கொண்டார் என்றும் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே பலர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

பூசை முடிந்து கூட்டம் ரெமெய் பக்கம் போகவில்லை. எல்லாரும் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினார்கள். அவர் வழக்கம்போல மெழுகுவர்த்திகளை அணைத்துக்கொண்டிருந்தார். நான் உதவிக்குப் போனேன்.

அப்போது ஒரு கிழவி மட்டும் நடுவழியில் ஊன்றுகோலோடு வந்தார். தெக்லா. ஊரிலேயே மூத்தவர், எண்பத்தாறு வயது என்று ரெமெய் பின்னால் சொன்னார். ஓவியத்தை அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ரெமெயைப் பார்த்து, காது மந்தமானவர்கள் பேசும் உரத்த குரலில் சொன்னார்:

"அதைப் பண்ணினது எங்கம்மா. தம்பி பிறந்து செத்த அன்னிக்கு. எனக்கு ஆறு வயசு. நல்லா இருட்டா இருந்த ரூம். நான்தான் அவளுக்கு விளக்குப் பிடிச்சேன்."

கிழவி ஊன்றுகோலை ஊன்றி இன்னும் ஓர் அடி கிட்டே வந்தார்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னா. சொல்லல. உன்கூட உட்காரக் கூடாதுன்னு என் பிள்ளைங்ககிட்ட நானே சொல்லியிருக்கேன்."

ரெமெய் கையிலிருந்த அணைப்பானைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன், அழுவார் என்றும் நினைத்தேன். கிழவி தானாகவே திரும்பி வாசலை நோக்கித் தள்ளாடி நடக்கத் தொடங்கினார். வாசலில் ஏழு கல்படிகள், கைப்பிடி கிடையாது. முதல் படியில் ஊன்றுகோல் வழுக்கியது.

ரெமெய் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தார். பிடித்த பிறகு விட்டுவிடலாமா என்பதுபோல ஒரு கணம் நின்றார். பிறகு கையை அவர் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டார்.

"படி உயரம். மெல்ல வாங்க" என்றார்.